கடைமடை வரை போன குரல்

போன வாரம் நாகமலை புதுக்கோட்டை எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது அங்கே செய்தி வேலை பார்ப்பவர்கள் அவர்கள். தொகுதி முழுக்க வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்களாம், தினமும் வீடியோ போடுகிறார்களாம். ஆனாலும் சனங்கள் எதையும் நம்பமாட்டேன் என்கிறார்களாம். "அந்தக் காலத்துல நீங்க எப்படிம்மா பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் வேலையை விட்டு மூன்று தீபாவளிகூட ஆகவில்லை, அதற்குள் அந்தக் காலமாம். காபி கொடுத்து உட்காரவைத்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களிடம் சொல்லாமல் விட்ட பெருமையையும் சேர்த்தே எழுதுகிறேன். நமக்கு என்ன கூச்சம்?

என் பெயர் சரோஜா. மதுரைக்கு மேற்கே என் குரலைத் தெரியாத வீடு கிடையாது, என் முகத்தைத் தெரிந்த வீடு அதிகம் கிடையாது. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அப்பாவுக்குத் தறி. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை இது. காளவாசலில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்துச் சேலைக்குக் கூவியது என் முதல் வேலை. அதற்கப்புறம் ஆட்டோ விளம்பரம், சர்க்கஸ், கண் சிகிச்சை முகாம், தேர்தல் என்று எல்லாக் கட்சிக்கும் எல்லாக் கடைக்கும் பேசினேன். சண்டை போடாத கடைக்காரர் ஒருவர்கூட இல்லை. கோபம் வந்தால் எங்கள் வீட்டுப் பாஷையில் திட்டிவிடுவேன். அவர்களுக்குப் புரியாது, எனக்கும் மனசு ஆறிவிடும்.

மாயழகு எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆனதும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விவசாயக் குடும்பத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர். குரல் வெளியே வராது, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். மேடையில் அவர் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அது அவருக்கே தெரியும். "அக்கா, நான் மெட்ராஸ்ல என்ன கேட்டேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு நம்ம சனத்துக்கு வாரா வாரம் தெரியணும். எனக்குத் தொண்டை இல்ல. உங்களுக்கு இருக்கு" என்றார். அப்படித்தான் சேர்ந்தேன். சிக்கந்தர் பாய் ஆட்டோ ஓட்டுவார், மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே நானும் மைக்கும்.

முதல் வாரமே மானம் போனது. குடிநீர்க் குழாய் வேலை நடப்பதால் இரண்டு நாள் தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். நாலைந்து பெண்கள் கட்டைப்பையோடு ஓடிவந்து ஆட்டோவை மறித்தார்கள். எந்தக் கடை, எம்புட்டுத் தள்ளுபடி என்று கேட்டார்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையும் அவர்கள் காதில் ஏறவில்லை, சேலைக்காரி வந்துவிட்டாள் என்பது மட்டும்தான் ஏறியிருந்தது. பாய் ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் அவரோடு இரண்டு தெரு பேசவில்லை.

எம்.எல்.ஏ.விடம் போய் என்னால் ஆகாது என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பக்கத்து வீட்டு மதினிகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்கக்கா, அம்புட்டுத்தான்" என்றார். அந்த அம்புட்டுக்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அவர் வேலை வாங்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, அந்த வாரம் நடந்ததைச் சொல்லுவார். நடந்தது என்ன, நடக்காதது என்ன, இன்னும் தெரியாதது என்ன, இந்த மூன்றும் அறிவிப்பில் இருந்தாக வேண்டும். தெரியாததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் முதலில் மல்லுக்கு நின்றேன். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் ஊரான் புரளி வந்து உட்காரும் என்றார். நான் எழுதி முடித்ததும், அலுவலகப் பெஞ்சில் மனுவோடு காத்திருக்கும் யாராவது ஒருவரைக் கூப்பிடுவார். நான் வாசிப்பேன். அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இது லேசு என்று நினைக்காதீர்கள். ஒருமுறை முதியோர் பென்சன் முகாம் பற்றி நான் எழுதியிருந்ததில் "மனுக்கள் பெறப்படும்" என்று இருந்தது. பெஞ்சிலிருந்த பெரியவர் கவனமாகக் கேட்டுவிட்டு, ஏதோ முகாமாம், போகணுமாம், எதுக்குன்னு சொல்லலை என்றார். எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார். யார் வாங்குவார், எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார், என்ன கொண்டுபோக வேண்டும் என்று மாற்றினேன். பெரியவர் மறுபடி கேட்டு, இந்த முறை அட்சரம் பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டு, அப்படியானால் நான் இங்கே காத்திருக்க வேண்டாமே, நேரே அங்கே போகிறேன் என்று எழுந்து போனார். இப்படி ஒருவர் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அறிவிப்பு வெளியே போகும். ஒருவர் தப்பாகச் சொன்னாலும் திருத்தி எழுத வேண்டும். சில நாள் பெஞ்சே காலியாகிவிடும், நான் எழுதியது தேறியிருக்காது.

மாநிலம் முழுக்க உள்ள சங்கதியையும் விடமாட்டார். மின் கட்டணம் கூடிய வருடம் அதையும் மைக்கில் சொல்லச் சொன்னார். அவர் கட்சிக்காரர்கள் அலுவலகத்துக்கே வந்து குதித்தார்கள். நம் ஆட்சியில் ஏற்றியதை நாமே ஊர் ஊராகப் போய்ச் சொல்வதா என்று கேட்டார்கள். அவர் கொத்தமல்லிக் காபியை ஆற்றிக்கொண்டே, "நாம சொல்லாட்டி பில்லு சொல்லும்ணே" என்றார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கேட்ட பாலம் கிடைக்கவில்லை என்றால் அதையும் மைக்கில் சொன்னோம். எந்தத் தொகுதியிலும் எந்த எம்.எல்.ஏ.வும் தனக்குக் கிடைக்காததை ஸ்பீக்கர் வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அதில் அம்புட்டுப் பெருமை.

இப்படிச் சேர்த்த நம்பிக்கைக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது. வேறு எங்கிருந்தும் வரவில்லை, என் வாயிலிருந்தே வந்தது.

எங்கள் தொகுதியின் மேற்குப் பக்கம் கால்வாய்ப் பாசனம். வைகை அணையில் தண்ணீர் திறந்தால் சாகுபடி, திறக்காவிட்டால் தரிசு. கால்வாய் முடிகிற இடத்தில் ஊரணிப்பட்டி என்ற ஊர். அங்கே கடைசி மடையில் தண்ணீர் வாங்கும் வயல் ஒச்சப்பனுடையது, அவர் மனைவி விருமாயி. முன்பு ஒரு வருடம் மழை பொய்த்துத் தண்ணீர் திறக்கவில்லை. அந்த வருடம் நான் ஊரூராகப் போய், "இந்த வருசம் கால்வாயில் தண்ணீர் திறக்கப்போவதில்லை என்று அமைச்சர் இன்று சட்டமன்றத்தில் சொல்லிவிட்டார். யாரும் நாற்று விட வேண்டாம்" என்று சொன்னேன். சொன்னதெல்லாம் உண்மை.

ஆட்டோவில் மைக் பிடிப்பவர்களுக்குத் தேதி சொல்லும் பழக்கம் கிடையாது. வண்டி இன்றைக்குத்தான் தெருவில் வருகிறது, அதனால் "இன்று", "நாளை" என்றாலே போதும். ஜவுளிக்கடை முதல் துக்கச் செய்தி வரை எங்கள் தொழிலே அப்படித்தான். ஆனால் அதை எவனோ கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தான். ஆட்டோ சொன்ன "இன்று" அன்றோடு போய்விடும். கைப்பேசியில் மாட்டிய "இன்று" சாகாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து அணை நிறைந்தது. சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் எம்.எல்.ஏ. கேட்ட கேள்விக்கு, தண்ணீர் திறப்போம் என்று அமைச்சர் பதில் சொல்லிவிட்டார். ஆனால் ஊர்களில் அந்தப் பழைய ஒலிப்பதிவு சுற்ற ஆரம்பித்திருந்தது. என் குரல், என் வார்த்தை, "இன்று" என்ற சொல்லோடு. யார் அனுப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான்: செங்கல் சூளைக்காரர்கள் மேல்மண்ணுக்காக அந்த ஊர்களில் அலைந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லை என்று நம்பிய ஒச்சப்பன், வெள்ளிக்கிழமை வந்து அள்ளிக்கொள்ளச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டார். மேல்மண் போனால் அந்த நிலம் அப்புறம் நிலமே இல்லை. அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் தயாராக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் ஊரணிப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் வருகிறது, நாற்று விடுங்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் ஒச்சப்பன் ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளை மீசை, தோளில் துண்டு. கைப்பேசியை எடுத்து என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது.

"வாயி ஒண்ணு, பேச்சு ரெண்டு. இதுல எதை நம்பச் சொல்ற?" என்றார்.

இது பழசு என்றேன். பழசு என்று எங்கே போட்டிருக்கிறது என்றார். நான்தான் பேசியவள், எனக்குத் தெரியாதா என்றேன். நீதான் அந்தச் சரோஜா என்று யார் கண்டது, நாங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறோமா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுப் பாஷையில் ஒரு பாட்டம் விட்டேன். அது எந்த ஊர் மந்திரமோ என்று கூட்டம் இன்னும் சிரித்தது. விருமாயி மட்டும் சிரிக்கவில்லை. வேலியோரம் நின்று தன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணை அள்ளக் கொடுப்பதில் அவருக்குச் சம்மதம் இல்லை என்பதை அந்த முகமே சொல்லியது.

எம்.எல்.ஏ. சபைக்குள் இருந்தார். மதிய இடைவேளையில்தான் லைனில் வந்தார். நடந்ததைச் சொல்லி, நீங்களே ஸ்பீக்கரில் இவர்களிடம் பேசுங்கள் என்று கெஞ்சினேன். மறுத்துவிட்டார். கைப்பேசிக்குள்ளிருந்து வரும் குரலை நம்பித்தானே இந்தக் கதி என்றார். "நீங்க பேசிச் செயிக்கப் பாக்காதீங்கக்கா. அந்த ஆடியோவையே மறுபடி போடுங்க. அவங்களைக் கேக்க விடுங்க. என்ன கேட்டாங்கன்னு அவங்க வாயால வரட்டும்" என்றார். எனக்கு இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் அவர் சொல்லி நான் செய்யாத வேலை இல்லை.

ஒச்சப்பனின் கைப்பேசியைக் கேட்டு வாங்கினேன். சிக்கந்தர் பாய் அதை ஆம்ப்ளிஃபையரில் இணைத்தார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டேன். தண்ணீர் இல்லை என்று என் குரல் ஊர் முழுக்க அலறியது. கைப்பேசியில் கேட்காததெல்லாம் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது. என் குரலுக்குப் பின்னால் ஒரு நாய், ஒரு டிராக்டர், அப்புறம் நீளமாக ஒரு சங்கு.

விருமாயி வேலியை விட்டு வந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம்.

"இது நம்ம ரைஸ் மில்லு சங்குல்ல?" என்றார். "முடிக்கையில ஒரு விக்கல் விக்கும், கேளுங்க."

பாய் மூன்றாவது தடவை போட்டார். சங்கு ஊதி முடிகிற இடத்தில் ஒரு விக்கல் விக்கியது. அந்த மில்லில் நெல் காயப்போட்டவர் விருமாயி, பாதி ஊர்ப் பெண்களும் அங்கேதான் வேலை பார்த்தவர்கள். மில்லை இடித்துப் போன வருடமே அந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பிவிட்டது. ஒரு கிழவி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இடிச்ச மில்லு எப்படிய்யா இந்த வருசம் ஊதும் என்று ஒச்சப்பனைக் கேட்டார். இப்போது கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் கைப்பேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே குலவை போட வேண்டும் போலிருந்தது, மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன்.

ஆனால் மனுசர் லேசில் விடுவாரா? சரி, பழசுதான் என்று வைத்துக்கொள்வோம், அணையில் திறந்தால் எங்கள் மடைக்கு வருமா, அதைச் சொல் என்றார். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ரயிலில் எம்.எல்.ஏ. வந்து இறங்கினார். நேரே ஊரணிப்பட்டிக்குப் போனோம். கால்வாய்க் கரையில் நின்று அவருக்கே உரிய அந்தக் கிணற்றுக் குரலில் பேசினார். நூறு பேர் நெருங்கி வந்து நின்று கேட்டார்கள். தண்ணீர் திறப்பது உறுதி என்றார். ஊரணிப்பட்டிக்கு முந்தைய பாலத்திலிருந்து கடைசி மடை வரை கால்வாய் தூர்ந்து கருவேலம் முளைத்துக் கிடக்கிறது, அதிகாரிகள் சுத்தம் செய்வதாகச் சொல்கிறார்கள், தண்ணீர் வருவதற்குள் முடியும் என்று தனக்கு நம்பிக்கை இல்லை என்றார்.

"அப்ப வருமா வராதா?" என்றார் ஒச்சப்பன்.

"தெரியாதுண்ணே. இப்படியே விட்டா வராது. நாமளும் இறங்கி வெட்டினா வர வாய்ப்பிருக்கு. இதுக்கு மேல சொன்னா அது பொய்யி."

ஒச்சப்பன் கால்வாயைப் பார்த்தார். பிறகு விருமாயியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா மண்வெட்டி எடுக்க வீட்டைப் பார்த்து நடந்தார்.

எங்கள் எம்.எல்.ஏ. நீர்வளத் துறை அலுவலகத்தில் போய் உட்கார்ந்து ஒரு பொக்லைன் வாங்கி வந்தார். மீதியை ஊரே வெட்டியது. வெள்ளிக்கிழமை மண் அள்ள வந்த லாரி, கரையில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பியது. ஒச்சப்பன் கிணற்றில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை இறைத்து நாற்று விட்டார். அவரைப் பார்த்து ஊரும் விட்டது. இனி கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் மண்ணுக்கான காசும் இல்லை, விதையும் இல்லை.

அணை திறந்த நாளிலிருந்து நாங்கள் தினமும் போனோம். எம்.எல்.ஏ. ஒரு புது விதி போட்டிருந்தார். முதலில் கிழமை, தேதி, அப்புறம் பேசுவது யார், அதற்குப் பிறகுதான் செய்தி. வாழ்நாளில் முதல் தடவையாக மைக்கில் என் பெயரைச் சொன்னேன். இன்ன தேதி, சரோஜா பேசுகிறேன், தண்ணீர் இந்த ஊர்ப் பாலத்தைத் தாண்டிவிட்டது. மறுநாள், அடுத்த பாலம். அதற்கடுத்து இரண்டு நாள் தண்ணீர் மேல் ஊரிலேயே நின்றுவிட்டது. அதையும் அப்படியே சொன்னேன், நின்றுவிட்டது, ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. ஒச்சப்பன் காலையிலும் மாலையிலும் போன் செய்து, "எங்கக்கா நிக்குது?" என்று கேட்பார். சொல்லுவேன். கோபப்படமாட்டார், சரி என்று வைத்துவிடுவார். எம்.எல்.ஏ. மேல் ஊரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசி அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வயலுக்காக இறக்கி வைத்திருந்த மதகு ஷட்டரைத் தூக்கவைத்தார்.

மறுநாள் நாங்கள் ஊரணிப்பட்டிக்குப் போனபோது ஊரே கடைசி மடையில் நின்றது. முதலில் ஒரு சலசலப்பு. அப்புறம் சருகும் நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் வளைவில் திரும்பியது. குலவைச் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. விருமாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மடைவாயிலேயே நின்றார், தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு வயலுக்குள் போனது. அந்தம்மா அழுதார். எம்.எல்.ஏ. கரையில் குத்தவைத்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சொல்லுங்கக்கா என்றார்கள். நான் மைக்கை எடுத்தேன். ஒச்சப்பன் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார். என் மைக்கை யாருக்கும் கொடுத்தவள் இல்லை நான், எம்.எல்.ஏ.வுக்கே கொடுத்ததில்லை. அவர் கையில் கொடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். கிழமை சொன்னார், தேதி சொன்னார்.

"கடைசி மடை ஒச்சப்பன் பேசுறேன். எங்க வயலுக்குத் தண்ணி வந்துருச்சு. கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன். நம்பாதவுக வந்து பாத்துக்கங்க."

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் கைப்பேசியில் அதைப் பிடித்தார்கள். நாங்கள் திரும்பி வந்து காளவாசலில் டீ குடிக்க இறங்கினோம். பக்கத்து பெஞ்சில் ஒருவர் கைப்பேசியைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒச்சப்பன் பேசிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அந்த ஆள் என் பக்கம் திரும்பி, யாரென்று தெரியாமல் எனக்கே செய்தி சொன்னார்: "கடைமடைக்குத் தண்ணி போயிருச்சாம்க்கா, தெரியுமா?"

"அப்படியாண்ணே?" என்றேன்.